பூட்ஸ் குரோலியின் இங்கிலீஷ் வகுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கும் நடுவில் இருப்பதற்குச் சுவர் என்று பேர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் நான் 'நூறாயுசு' சொல்லலாம். இருபது வருஷத்துக்கு மேலாக மீன் சூப் கிண்டிக்கொண்டே ரோவீனா குரோலியின் பாடத்தைக் கேட்டிருக்கிறேன். பரீட்சை வைத்தால் டெவன் பீலைவிட நன்றாகவே எழுதுவேன். அது ஒன்றும் பெரிய பெருமை இல்லை, டெவனைவிட என் சூப் சட்டிகூட நன்றாக எழுதும்.

ரோவீனாவை எங்கள் டன்னட் துறையில் யாரும் ரோவீனா என்று கூப்பிட்டது கிடையாது. பூட்ஸ். அவள் தம்பி ஹார்லனும் பூட்ஸ்தான், செத்துப்போன அவள் அப்பாவும் பூட்ஸ்தான். குரோலி வீட்டு ஆள் யாராவது சர்ச்சுக்குள் நுழைந்தால், "காலைப் பாத்துக்கங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம், ஆனாலும் அதை நானே சொல்லியிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எல்லாத்துக்கும் காரணம் ஒரு கதை. நூறு வருஷத்துக்கு முன்னால் கோடைக்கு வந்து தங்கிய பாஸ்டன்காரம்மா ஒருத்தர் எங்கள் ஊரை வைத்து எழுதியது. அதில் ஒரு விதவை வருகிறாள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு மாலுமியின் பிணத்திலிருந்து பூட்ஸை இழுத்துக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்கிறாள். அங்கே கதை முடிகிறது. அந்தம்மா விதவையின் பேரை மாற்றித்தான் எழுதினார். மாற்றி என்ன பிரயோஜனம், அது ஹல்டா குரோலி என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஹல்டா ரோவீனாவின் கொள்ளுப்பாட்டி.

பன்னிரண்டாம் வகுப்பில் வசந்த காலம் பூராவும் அமெரிக்க வட்டார இலக்கியம். தெற்கே ஆற்றங்கரை, நடுவில் சோளக்காடு, கெண்டக்கி மலை, கடைசியில் நம் கரை. ரோவீனா அதைக் கரைத்துக் குடித்தவள். முதலில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவாள். மலைக்காரன் பேச்சைப் படித்து வகுப்பு சிரித்தால், சிரித்து முடிக்கும் வரை காத்திருப்பாள்.

"முடிஞ்சுதா? இப்ப அந்த மலையில ஒரு வகுப்புல நம்ம பேச்சைப் படிச்சுட்டு இருக்கானுங்க. அவனுங்களும் சிரிச்சு முடிக்கட்டும். அடுத்த பக்கம்."

எந்தக் கதை ஆனாலும் மூன்று கேள்வி கேட்பாள். பேசுறது யார்? எழுதினது யார்? எழுதினவங்க எந்த மாசம் ஊரைவிட்டுப் போனாங்க? இந்த மூன்றாவது கேள்வியை உலகத்தில் வேறு எந்த டீச்சரும் கேட்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊர்க்காரிக்குத்தான் அது தோன்றும். கோடைக்காரர்கள் வருவதும் போவதும் வைத்துத்தான் நாங்கள் காலண்டரே பார்ப்போம்.

இவ்வளவு தைரியசாலி, நம் ஊர்க் கதை வந்ததும் மட்டும் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறின பக்கங்கள் அவைதான்.

அந்த வருஷம் மார்ச்சில், சேறு முழங்கால் மட்டும் இருக்கிற நாளில், மாவட்டத்திலிருந்து தகவல் வந்தது. இனி எல்லாப் பள்ளிக்கும் ஒரே பரீட்சை. பெரிய கேள்வி அந்தக் கதையிலிருந்துதான். ரோவீனா நடத்தாவிட்டால் பிள்ளைகள் தோற்கும். நடத்தினால் தன் குடும்பத்து மானத்தைத் தானே எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும், அதுவும் பாதிப்பேர் பீல் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில். பீல்கள்தான் அந்தப் பேரை வைத்தவர்கள். அதிலும் டெவனுக்குக் கப்பல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, இங்கிலீஷில் தேறினால்தான் சேர முடியும்.

"விட்டுத் தொலைடி. டெவன் தோத்தா ஊருக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"அவன் தோத்தா வருஷம் பூரா இங்கேயே இருப்பான், வோனா. உனக்குப் பரவாயில்லையா?" என்றாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்: "நடத்தத்தான் போறேன். என் பசங்க எவனும் என்னால தோக்க மாட்டான்."

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஹார்லன் சமையலறைப் பின்வாசல் வழியாக வந்தான். இரைமீன் நாற்றம் அவனுக்கு முன்னால் வந்தது.

"அக்கா அந்தக் கதைய நடத்தப் போறாளாமே."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கா. போய்க் கேளு."

"அவகிட்டப் பேசி யாரு ஜெயிச்சா?"

"அப்ப பிஸ்கட் ரெண்டு எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அவன் எடுக்கவில்லை. "அது எங்க வீட்டு விஷயம், வோனா. வகுப்புல வெச்சுப் பிரிச்சு மேயறதுக்கு இல்ல."

"அச்சடிச்சு நாடு பூரா படிக்குது. இனிமே என்ன வீட்டு விஷயம்?"

"நான் அதுல இருக்கறதச் சொல்லல. அதுல இல்லாததச் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஹார்லன் ஒரு ஊமைக் கோட்டான். ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்கு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கணும்.

மறுநாள் காலை இங்கிலீஷ் வகுப்புக் கதவின் கைப்பிடியில் ஒரு முழக் கயிறு. அதில் இரண்டு சுருக்கு.

எங்கள் கடலில் வேலி கிடையாது. ஆனால் யார் தண்ணி எது என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். உன் தண்ணியில் இன்னொருத்தன் சிங்கி இறால் கூண்டு இறக்கினால் நீ சண்டைக்குப் போகமாட்டாய். அவன் மிதவைக் கட்டையின் காம்பில் இரண்டு சுருக்குப் போட்டுவிட்டு வருவாய். 'பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போ' என்று அர்த்தம். அடுத்த தடவை கயிறு அறுந்து கிடக்கும். சொந்த அக்காவுக்குச் சுருக்குப் போட்டவனை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. யார் போட்டது என்று விசாரிக்கவும் தேவையில்லை. இடது கைக்காரன் போட்ட சுருக்கு. ஊரில் இடது கைக்காரன் ஹார்லன் ஒருத்தன்தான்.

பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கதவைத் தொடவில்லை. ரோவீனா வந்தாள், பார்த்தாள். அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். சுருக்கு அவிழாமல் கைப்பிடியிலிருந்து மெதுவாக உருவி எடுத்தாள், உள்ளே போனாள், மேஜைமேல் வைத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பை அணைத்துவிட்டேன், கொதிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது என்று.

"இது என்ன? டெவன்."

"சுருக்கு, டீச்சர்."

"பாஸ்டன்ல ஒருத்தர் இதப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"கயிறுன்னு நினைப்பாங்க."

"ம். அதான் வட்டார இலக்கியம். புத்தகத்த எடுங்க. பூட்ஸ் கதை. எந்தப் பக்கம்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல."

முழுக் கதையையும் அவளே படித்தாள். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பிணம், அலை, விதவை குனிவது, பூட்ஸ் இழுபட்டு வருவது. நல்ல கதை, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் அவளும் அதையே சொன்னாள்: "நல்லா எழுதியிருக்காங்க. அத ஒத்துக்கணும். இப்ப மூணாவது கேள்வி. எந்த மாசம் ஊரைவிட்டுப் போனாங்க?"

புத்தகத்தின் முன்பக்கத்தில் எழுதினவரைப் பற்றி நாலு வரி உண்டு. யாரோ தேடிப் படித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் முதல் வாரம்.

"கப்பல் உடைஞ்சது?"

"நவம்பர்." அது துறைமுகத்துக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

"அப்ப அந்தம்மா கண்ணால பாக்கல. அடுத்த கோடைக்கு வந்தப்ப யாரோ சொல்லிக் கேட்டாங்க. எங்க தங்கியிருந்தாங்கன்னு பாருங்க."

கொஞ்ச நேரம் காகிதச் சத்தம். அப்புறம் டெவனின் குரல், சுருதி இறங்கி: "எங்க வீட்டுல, டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், சுவர் காட்டிக்கொடுத்திருக்கும்.

"அப்ப பூட்ஸ் எடுத்தது பொய்யா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது நிஜம். அதுக்கப்புறம் நடந்தது இதுல இல்ல. அதச் சொல்றது என் தண்ணியில்ல, இந்தச் சுருக்கப் போட்டவன் தண்ணி. அவன் சொன்னாத்தான் உண்டு."

ஒவ்வொரு மே மாசமும் ஒரு சனிக்கிழமை பீன்ஸ் விருந்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கதை படிப்பது எங்கள் ஊர் வழக்கம். பன்றிக்கறி போட்டு ராத்திரி பூரா அடுப்பில் வெந்த பீன்ஸ், பழுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ், அப்புறம் கதை. அந்த வருஷம் என்ன கதை என்று தெரிந்ததும் கூடம் கொள்ளவில்லை. வீட்டைவிட்டு வெளியே வராத கிழங்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தன. ஹார்லன் கடைசி பெஞ்சில் இடிச்ச புளி மாதிரி இருந்தான். அவன் வந்ததே எனக்கு ஆச்சரியம். பெண்டாட்டி இழுத்து வந்தாளாம்.

படிக்கிற வேலையை ரோவீனா டெவனுக்குக் கொடுத்திருந்தாள். பையன் வாய்ப்பந்தல் போடுகிறவன், ஆனால் அன்றைக்கு ஒழுங்காகப் படித்தான். விதவை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் என்று முடித்து, புத்தகத்தை மூடினான்.

ரோவீனா எழுந்தாள். கைப்பையைத் திறந்து அந்தக் கயிற்றை எடுத்தாள். இரண்டு மாசமாக அவிழ்க்காமல் வைத்திருந்திருக்கிறாள். பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதப் போட்டவன்தான் அவுக்கணும். நான் தொட மாட்டேன். நான் உன் தண்ணிக்குள்ள வரல, ஹார்லன். கரையிலதான் நிக்கறேன்."

அவன் எழுந்து வந்தான். அந்த இடது கையால் ஒரு சுருக்கை அவிழ்த்தான், இன்னொன்றையும் அவிழ்த்தான். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தான். அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பூட்ஸ எடுத்தா. எங்க தாத்தா ஆமோஸுக்கு அப்பப் பதிமூணு வயசு. அப்பன் செத்த வருஷம். நவம்பர்ல வெறுங்காலோட படகேறினா கால் அழுகிப்போகும். துணிய அடைச்சு அவனுக்கு மாட்டிவிட்டா. அத எடுக்காம இருந்திருந்தா நானும் இல்ல, அக்காவும் இல்ல."

நிறுத்தினான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அந்த மாலுமியத் தேடி யாரும் வரல. புருஷன் பக்கத்துல தனக்குன்னு வெச்சிருந்த எடத்துல அவனப் புதைச்சா. அதான் அவ இப்ப ஓரத்துல கிடக்கா. வெறுங்காலோட புதைக்கல. புருஷனுக்குன்னு கம்பளிக் காலுறை பின்னி வெச்சிருந்தா, அந்தாளு போடாமயே செத்துட்டாரு. அத இவன் கால்ல போட்டுவிட்டா. பேர் தெரியாது, அதனால கல்லு வெக்கல. அவ்வளவுதான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டா, இத்தன வருஷமா எங்ககிட்டப் பேச்சு வாங்கிக்கிட்டு, இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா?"

"சொன்னா, கெஞ்சற மாதிரி இருக்கும்" என்றான். கயிற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தட்டை எடுத்து பீன்ஸ் வரிசையில் நின்றான். பீல் வீட்டுப் பெரியவர் தள்ளி நின்று அவனுக்கு முன்னால் இடம் விட்டார்.

நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஏனென்றால் எனக்கு அந்த இடம் தெரியும். மே கடைசியில் எல்லாரும் கல்லறைக்கு ஜெரேனியம் பூச்சட்டி கொண்டு போவோம். குரோலிகளின் இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவில், வெறும் புல்லில், ஒரு சட்டி இருக்கும். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பிறந்து செத்த குழந்தை எதுவோ என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

பரீட்சையில் கேள்வி இப்படி இருந்ததாம்: இந்தக் கதை அந்த வட்டாரத்து மக்களின் எந்தக் குணத்தைக் காட்டுகிறது? டெவன் எழுதினானாம்: "எழுதியவர் செப்டம்பரில் போய்விட்டார் என்பதைக் காட்டுகிறது." அதற்குக் கீழே இரண்டு பக்கம். தேறிவிட்டான். தெருவில் ரோவீனாவைப் பார்த்து, "பாஸ் பண்ணிட்டேன், பூட்ஸ் டீச்சர்" என்று கத்தினான். அவள் ராணி மாதிரி தலையை ஆட்டினாள்.

மே கடைசியில் நான் என் ஆட்களுக்குப் பூ வைத்துவிட்டு ஒரு சட்டியை மிச்சம் பிடித்துக்கொண்டு குரோலிகளின் பக்கம் போனேன். எனக்கு முன்னாலேயே பாதி ஊர் வந்துவிட்டுப் போயிருந்தது. அந்த நடுப் புல்லில் கால் வைக்க இடமில்லை. ரோவீனா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: "இத்தனைக்கும் யாரு தண்ணி ஊத்தறது?"

சட்டிகளுக்கு நடுவில் யாரோ ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வைத்திருந்தார்கள். விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. இப்படி ஒரு முட்டாள்தனத்தை டெவனைத் தவிர வேறு யார் செய்வார்கள்? ஹார்லன் குனிந்து எடுத்தான், புரட்டிப் பார்த்தான், விரலால் தையலை இழுத்துப் பார்த்தான்.

"கடைச் சரக்கு. ஒரு குளிருக்குத் தாங்காது" என்றான்.

அப்புறம் சீட்டைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காலுறையை ஒழுங்காக மடித்து, தன் பூச்சட்டிக்கு அடியில் வைத்தான்.