பதினோரு மாத வண்டி

நேற்று கொண்டாப்பூர் சிக்னலில் பச்சை விழுந்ததும், ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைப் பிடித்து முறுக்கினாள், ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற மாதிரி. வயது எழுபது, பிடி மட்டும் தளரவில்லை. முன்னால் நின்ற வண்டியின் பெட்ரோல் வாசனை வேறு. மனது நேராக நான் வளர்ந்த மெட்டுகுடாவுக்குப் போய்விட்டது. உடம்பு வழக்கம்போல டிராஃபிக்கில் நின்றது.

அப்பா அப்போது மஸ்கட்டில். வருஷத்துக்கு முப்பது நாள் நேரில் குடும்பத் தலைவர். மற்ற பதினோரு மாதமும் தபாலில் தலைவர். எதற்கும் அவர் அனுமதி வேண்டும். எனக்குக் காய்ச்சல், டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டு எழுதினால், பதில் வருவதற்குள் காய்ச்சலுக்கே சலித்துப் போயிருக்கும். ஆகவே அம்மா காரியத்தை முடித்துவிட்டுத்தான் அனுமதி கேட்பாள்.

மொப்பெட்டும் அப்படித்தான். மாற்றலாகிப் போன மாமா விட்டுச்சென்ற பழைய வண்டி. இரண்டு தடவை விழுந்து எழுந்து, உப்பல் வரை தனியாகப் போய் வந்தபின், ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று பணிவாக எழுதினாள். பொம்பளைக்கு வண்டி எதற்கு, ஆட்டோவில் போ என்று பதில் வந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மொப்பெட்டில் ஏறி ரேஷன் கடைக்குப் போனாள்.

அப்பா வரும் மாதம் வண்டி பக்கத்து வீட்டு ஷமீம் ஆன்ட்டி வாசலுக்குக் குடிபோகும். ஆன்ட்டிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனாலும் அப்பா தலை தெரிந்தால் துணியும் கையுமாக வந்து வண்டியைத் துடைப்பாள். தைரியசாலிப் பெண் என்று அம்மாவிடமே அப்பா மெச்சுவார். அம்மா தலையாட்டிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டுவாள். வண்டி ஆன்ட்டியுடையதுதான் என்று அப்பாவிடம் நான் சொன்ன பொய்களைப்போல பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் அவ்வளவு திருத்தமாக ஒப்பித்ததில்லை.

ஒரு வருஷம் அப்பா திரும்பிப் போகவில்லை. அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். முப்பத்தொன்றாம் நாள் அம்மா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி ஆன்ட்டி வாசலில் மழையில் நனைந்தது. பாவம், ஓட்டாமல் வீணாகிறதே என்று அப்பாவே முன்வந்து, வாங்க ஓர் ஆளையும் கூட்டிவந்தார். அந்த உபகாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

“நக்கோ, வேண்டாம்,” என்றாள் ஷமீம் ஆன்ட்டி, அம்மாவைப் பார்த்து. அம்மா காபி போட உள்ளே போனாள்.

வந்தவர் மிதித்தார். கிளம்பவில்லை. அப்பா மிதித்தார். ஊஹூம்.

காபியோடு நின்ற அம்மா சொன்னாள்: “சோக்க இழுத்துட்டு மெதுவா மிதிங்க. நனைஞ்சா அது அப்படித்தான் அடம் பிடிக்கும்.”

வண்டி கிளம்பியது. அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்தவரிடம், “நல்ல வண்டி. எடுத்துட்டுப் போங்க,” என்றார்.

அதன்பிறகு அம்மா எதையும் செய்வதற்கு முன்னால்தான் கேட்டாள். அப்பா அடுத்த அறையிலேயே இருந்தார். பதில் உடனே வந்துவிடும். அந்தப் பதினோரு மாத அம்மாவை அப்புறம் நான் பார்க்கவேயில்லை, நேற்று சிக்னல் வரைக்கும்.