நாலே முக்காலுக்கு ஒரு முத்திரை

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மனு வாங்கும் சன்னலில் வெர்னா ஹ்ருஸ்கா இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா, இரண்டாம் மாடி. கைதியின் மேல்முறையீடா, மூன்றாம் மாடி. மாநிலத்தின் மேலேயே வழக்கா, நான்காம் மாடி. அதைத் தோற்கடிப்பதுதான் அங்கே இருப்பவர்களுக்கு வேலை. ஜனங்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. தங்களுக்காக வாதாட இங்கே ஆள் இருப்பதாக நம்பி வருவார்கள். "நாங்க அரசாங்கத்தோட வக்கீலும்மா, உங்களோடது இல்ல" என்று சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை தேய்ந்துவிட்டது.

மனுவில் குறை இருந்தாலும் சொல்லக்கூடாது. வந்த நேரத்தை முத்திரையாகக் குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மகனைச் சிறையில் பறிகொடுத்த ஒருத்தி, நோட்டரி முன் சத்தியம் செய்யாத மனுவை நீட்டிவிட்டு நன்றி வேறு சொல்லிப் போனாள். வெர்னா கல்லாக இருந்தாள். ஒரே மாதத்தில் மனு தள்ளுபடி. நல்ல வேலைக்காரி என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் இடி விழ!

மார்ச் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை நாலே முக்காலுக்குத் தம்பி லைல் சன்னலில் வந்து நின்றான். அவன் மனைவி ட்ரூடி அரசு மனநல மருத்துவமனையில், கட்டிலோடு கட்டிவைத்தபடியே செத்துப்போயிருந்தாள். மாநிலத்தின் மேல் நஷ்டஈட்டு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"வாங்கிக்க அக்கா. வண்டி வழியிலேயே நின்னுடுச்சு, ஓடி வர்றேன்."

வெர்னா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நோட்டரி கையெழுத்து இல்லை.

"டேய், இது செல்லாதுடா."

"ஐயோ! இப்ப என்ன பண்றது?"

எதிர்ச் சாரி வங்கியில் ஐந்து மணிவரை நோட்டரி உண்டு. போ என்றால் ஓடியிருப்பான். ஆனால் அவளே நோட்டரி. அந்த ஊரில் பாதி குமாஸ்தாக்கள் அப்படித்தான். பதற்றத்தில் கை தானாக இழுப்பறைக்குள் போய் முத்திரையை எடுத்தது.

"கையைத் தூக்கு. எழுதினதெல்லாம் நிஜம்னு சொல்லு."

"நிஜம்தான் அக்கா. அவ மணிக்கட்டு ரெண்டும் நீலமா இருந்துச்சு."

குத்தினாள்.

ரத்த உறவுக்குப் போட்ட முத்திரை செல்லாது. பரீட்சை எழுதித்தான் அந்த முத்திரையை வாங்கியிருந்தாள். அந்த நிமிஷம் புத்தி எங்கே போயிற்றோ! நான்காம் மாடி வக்கீல் பிரானக் அதை விடவில்லை. கெட்ட மனிதர் இல்லை, வேலையைச் செய்தார். ஜூன் மாதம் நீதிபதி மனுவைத் தள்ளினார். வெர்னாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி.

அன்றே லைலின் வீட்டுக்கு ஓடினாள். அவன் வலைக்கதவைத் திறக்காமலே நின்றான்.

"மறந்துபோய்ப் பண்ணிட்டேன்டா. சத்தியமா."

"இருபத்திரண்டு வருஷமா இதே வேலை. உனக்கா மறக்கும்?"

"யாருக்கும் குறையைச் சொன்னதில்ல, உனக்காகத்தாண்டா வாயைத் திறந்தேன்!"

"உன்னை வேலையை விட்டுக்கூடத் தூக்கலையே அக்கா," என்றான் லைல். "விசுவாசமான ஆளை எதுக்குத் தூக்கணும்? வீட்டுக்குப் போ."