விலக்கு கேட்காத டீச்சர்

கனகமாலா பிறந்தபோதே இரண்டு கண்களும் மூடியிருந்தன. இமைகள் திறக்கவே இல்லை. படித்து, தேர்வெழுதி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. திருவண்ணாமலையில் வாடகை வீடு. தினமும் காலையில் முதல் பெல்லுக்கு முன்பே பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்துவிடுவார். கடைசி பெஞ்சில் எவன் கிசுகிசுக்கிறான் என்பதைக் குரலை வைத்தே பெயர் சொல்லி எழுப்புவார். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் அவர் கையில் இருந்ததால் தலைமையாசிரியர் அப்பாதுரைக்கு அந்தப் பாடத்தைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை.

இந்த வருடம் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாக, முகத்தைப் பார்த்து வருகை பதியும் கைபேசிச் செயலி வந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியோடுதான் கனகமாலா போனைப் பயன்படுத்துகிறார். புதுச் செயலியைத் திறந்தால் அந்தக் குரல், "பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் கோபி எட்டிப் பார்த்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். கேமரா திறந்தது.

"என்ன சார் கேக்குது?"

"கண்ணைச் சிமிட்டச் சொல்லுது டீச்சர்."

அன்று கனகமாலா சிரித்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. முகத்தைக் காட்டுவார், செயலி காத்திருக்கும், நேரம் முடிந்துவிட்டது என்று மூடிக்கொள்ளும். அப்பாதுரை பழைய பதிவேட்டிலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். கணினிக்கு அந்தப் பதிவேடு தெரியாது. அனுமதியின்றி விடுப்பில் இருந்ததாகக் கனகமாலா பெயருக்கு மெமோ வந்தது. அது வந்த நேரத்தில் அவர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

புகார் அனுப்பினார். தங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார், அதே பதில்தான். நேரில் போவதென்று முடிவு செய்து திருவண்ணாமலை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரம் கேட்டபோது, பௌர்ணமி அன்று சாயங்காலம் வரச் சொன்னார்கள். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வழக்கமான நிறுத்தத்தை நம்பிப் பழகியவர், தெரியாத இடத்தில் இறங்கி, யார் யாரையோ கேட்டு, ஜாஸ்தி வாடகை சொன்ன ஆட்டோவில் ஏறி, வியர்த்துக் கொட்டிப் போய்ச் சேர்ந்தார்.

அதிகாரி இளவரசன் மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார், யாருக்கோ போன் செய்தார். வெகுநேரம் கழித்து நல்ல செய்தி சொல்லும் குரலில் பேசினார்.

"உங்களுக்கு விலக்கு குடுத்துட்டோம் மேடம். இனிமே நீங்க அந்த ஆப்பைத் தொடவே வேணாம்."

கனகமாலா காபி டம்ளரை மேசையில் வைத்தார். "சார், நான் தினமும் வரேன். வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஒரு வழி கேட்டேன். வராட்டியும் பரவால்லன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கலை."

இதைவிடப் பெரிய சலுகை யாருக்கும் கிடையாது என்றார் இளவரசன். அதற்கு மேல் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டினால் சாப்பிடாத சமணக் குடும்பம் கனகமாலாவுடையது. அன்றிரவு வெறும் வயிற்றோடு படுத்தார். கோபத்தில் பசி தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அவர் கணவர் வீரேந்திரன் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆட்டும் மில்லில் மேலாளர். "விலக்குதான் குடுத்துட்டாங்களே, விடேன்" என்றார். கனகமாலா அந்த வாரம் முழுக்க அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

விலக்கின் பலன் சீக்கிரமே தெரிந்தது. டீச்சர் எப்போது வேண்டுமானாலும் வரலாமாம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு ஓடியது. அவர் உள்ளே நுழைந்ததும் நின்றது. பிறகு ஒருநாள் அப்பாதுரை கூப்பிட்டனுப்பினார். அவர் குரல் தயங்கியது. விலக்கில் இருப்பவரிடம் பொதுத்தேர்வு வகுப்பை எப்படிக் கொடுத்தீர்கள் என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றார். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் வேறொரு ஆசிரியைக்குப் போனது. கனகமாலாவுக்கு ஆறாம் வகுப்பு கிடைத்தது. வருகைப் பதிவு கேட்கப்போய் வகுப்பையே இழந்ததை அவரால் யாரிடமும் முழுதாகச் சொல்லக்கூட முடியவில்லை.

அந்தச் செயலியைச் செய்த நிறுவனத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தார். பலமுறை அழைத்த பிறகு இனியா என்ற பெண் கிடைத்தாள். செயலியைப் பரிசோதிப்பது அவள் வேலை. பார்வையற்றவர்களுக்காகவும் சோதித்துப் பார்த்தோமே என்றாள்.

"எப்படிம்மா பாத்தீங்க?"

"நாங்க கண்ணை மூடிக்கிட்டு யூஸ் பண்ணிப் பாத்தோம் மேடம்."

"கேமரா வந்ததும்?"

"தொறந்துட்டோம்" என்றாள் மெதுவாக.

அடுத்த சனிக்கிழமை இனியா சென்னையிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கனகமாலாவின் விரல் போகும் இடமெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பட்டன்களுக்குப் பெயர் வைப்பதும், சிமிட்டுவதற்குப் பதிலாகத் தலையை இடவலமாகத் திருப்பச் சொல்வதும் சிறிய வேலைதான் என்றாள். ஆனால் துறையிலிருந்து எழுத்துமூலம் உத்தரவு வராமல் அவள் கை வைக்க முடியாது. உத்தரவு எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டுக் கனகமாலா போன் செய்தார். கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். கீழே வந்துவிட்டது என்பார்கள். கார்த்திகைத் தீபம் முடிந்து வாருங்கள் என்றார்கள். தீபமும் முடிந்தது, அரையாண்டுத் தேர்வும் முடிந்தது.

பொங்கல் விடுமுறைக்குப் பின் புதுப் பதிப்பு வந்தது. பள்ளி வாசலில் நின்று போனை உயர்த்தினார். எந்தப் பட்டன் எதற்கு என்று குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது. தலையை இடது பக்கம் திருப்பச் சொன்னது, பிறகு வலது பக்கம். வருகை பதிவானது என்றது. இனியாவுக்குச் சொன்னபோது அவள் போனிலேயே அழுதுவிட்டாள். கனகமாலாவுக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் அவர் நினைத்த அளவு வரவில்லை.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பைத் திரும்பக் கேட்டார். வருட நடுவில் மாற்றினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றார் அப்பாதுரை. மேலும் விலக்கு இன்னும் கணினியில் நிற்கிறது, அதை எடுக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது எப்போது முடியும் என்று தனக்குத் தெரியாது என்றார்.

"விலக்கு நான் கேக்கலையே சார். குடுத்தவங்களே எடுக்கட்டும்."

"அவங்க எடுக்க மாட்டாங்க டீச்சர். நீங்கதான் எழுதணும்."

சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தைச் சொல்லச் சொல்லக் கோபி எழுதிக் கொடுத்தார். விலக்கை நீக்கும்படி என்ற வரிக்கு வந்ததும், காரணம் என்ன போடுவது என்று கேட்டார். கனகமாலா யோசித்தார். "தினமும் வரேன்னு போடுங்க" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனார்.