பூந்தொட்டிக்கு வந்த தண்ணீர்

எண்பதுகளில் ஒரு கோடை. ஏற்காட்டில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தந்த சின்ன அணை சேறு தெரிய வற்றிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் கோடை விழாவின் மலர்க் கண்காட்சிக்குக் காரில் வருகிறவர்களின் கண் குளிர வேண்டுமாம். அணையில் மிஞ்சியதை லாரியில் கொண்டுவந்து சாலையோரப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றினார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு போய் லாரியை மறித்தோம்.

"செடிக்கு மட்டுந்தானுங்க உத்தரவு," என்றார் லாரிக்காரர்.

பக்கத்து வீட்டு அக்கா பூந்தொட்டியிலிருந்த டேலியாச் செடியை வேரோடு பிடுங்கித் தன் குடத்தில் செருகினார்.

"இதுவுஞ் செடிதானுங்க. ஊத்துங்க."

லாரிக்காரர் அந்தக் குடத்தில் ஊற்றினார். நாங்களும் ஆளுக்கொன்று பிடுங்கினோம். அந்த மண் கலங்கிய தண்ணீரை வடிகட்டித்தான் அன்று உலை வைத்தேன். பிள்ளைகளுக்கென்று கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.