கப்பலில் அவளுக்கு நான் அண்ணன்

ஆவடி குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டிப் பூந்தமல்லி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பைகூட இல்லை. மாமனார் வீட்டில் இரண்டு விருந்தாளிகள் முன்னால் என் மனைவியை விட்டுவிட்டு வந்திருந்தேன். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வராவிட்டால் எல்லாம் அத்தோடு முடிந்தது என்று தெரியும். இருந்தும் கால் நிற்கவில்லை. ஒரு அருவருப்பு என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

அந்த அருவருப்பு எங்கள் அந்தமான் ஹனிமூனில் தொடங்கியது.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனர், விஜயவாடாவில் ஓட்டல் வேலை, கல்குவாரி என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். தூரத்துச் சொந்தம் என்பதால் பெண் கொடுத்தார்கள். மாமனார் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர ஊழியர். அங்கே கேன்டீனில் எனக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்கும்வரை அவர் வீட்டில் சாப்பாடு. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊழியரின் குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்க ஆபீசே டிக்கெட் செலவைத் தரும். எல்.டி.சி. என்பார்கள். குடும்பம் என்றால் மனைவியும் கல்யாணமாகாத பிள்ளைகளும். மருமகனுக்கு அதில் இடமில்லை. மாமனார் தன் மகன் பெயரிலும் மகள் பெயரிலும் கப்பல் டிக்கெட் எடுத்தார். ஆபீஸ் காகிதத்தில் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மகன் பெயரில் நான் போக வேண்டும். அந்த மகன், என் மைத்துனன், யார் கண்ணிலும் படாமல் இருக்கக் காட்டுப்பாக்கத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

“நம்ம சொந்தத்துலயே ஹனிமூன் போற முதல் மாப்ள நீங்கதான்” என்று துறைமுகத்தில் என் தோளைத் தட்டினார் மாமனார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு சின்ன விஷயம் மாப்ள. எங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுக்குப் புதுசா ஒருத்தர் மாத்தலாகி வந்துகீறார். அவரும் சம்சாரத்தோட இதே கப்பல்ல வராராம். என் புள்ளைங்க மூஞ்சி அவருக்குத் தெரியாது, காகிதத்துல பேர் பாத்துகீறார். அதனால போய்ட்டு வர்ற வரைக்கும் நீங்க இவளுக்கு அண்ணன்.”

என் மனைவி அங்கேயே கழிவறைக்குப் போய், மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, புதுத் தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி மறைத்துக்கொண்டு வந்தாள்.

கப்பலின் அடித்தளத்தில் வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள். டீசல் நாற்றம், ஊசிப்போன சாம்பார் நாற்றம், வாந்தி நாற்றம். இரண்டாம் நாள் கடல் தூக்கிப்போட்டதில், மேல் கட்டில்காரர் எடுத்த வாந்தி என் தலையணையில் விழுந்தது. கல்குவாரியில் இதைவிட மோசமான இடத்தில் படுத்திருக்கிறேன். அதனால் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

கணக்குப் பிரிவுக்காரர் முதல் நாளே எங்களைக் கண்டுபிடித்துவிட்டார். தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அந்த அம்மாளுக்கு என் மனைவியைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

“அண்ணனும் தங்கச்சியும் எவ்ளோ ஒத்துமையா கீறீங்க! முகஜாடை கூட ஒண்ணாகீதே!”

போர்ட் பிளேயரில் லாட்ஜ் எடுத்தபோது கணக்குப் பிரிவுக்காரர்தான் கணக்குப் போட்டார். “நாலு பேருக்கு எதுக்கு தம்பி மூணு ரூம்? பொம்பளைங்க ஒரு ரூம், நாம ஒரு ரூம்.”

என் தேனிலவு முழுவதும் அந்த மனிதரின் பக்கத்துக் கட்டிலில் கழிந்தது. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதே கையால் எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பார். பல் இடுக்கில் வந்ததை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்வார். தீவில் கடல் பச்சையாக இருந்தது, மணல் வெள்ளையாக இருந்தது. எல்லாரும் சொல்வது உண்மைதான். அந்த மணலில் என் மனைவி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பத்தடி பின்னால் அவர்களுடைய செருப்புகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒருமுறை தனியாக மாட்டியபோது அவள் கையைத் தொட்டேன். உதறிக்கொண்டாள்.

“யாராச்சும் பாத்துட்டா அப்பா வேலைக்கு உலை வெச்சுடுவாங்க. போண்ணா” என்றாள்.

அங்கே யாருமே இல்லை.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், அந்தத் தம்பதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்த அம்மாளின் தம்பி மகனுக்கு என் மனைவியைப் பெண் கேட்க. மைத்துனனை மறுபடியும் காட்டுப்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமனார் என்னைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். “நம்ம கப்பல் டிக்கெட் பில் அவரு மேஜைலதான் கீது மாப்ள. கொஞ்சம் பொறுத்துக்குங்க. வந்து பாக்கட்டும். ஜாதகம் பொருந்தலன்னு ஒரு வாரத்துல சொல்லி அனுப்பிடலாம்.”

“அவ என் பொண்டாட்டி மாமா.”

“யாரு இல்லன்னா? கேன்டீன் வேலையை நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு போய் அண்ணனாக உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் தின்ற எச்சில் சோறு எதுவும் இந்த அளவுக்கு எனக்கு அசிங்கமாகப் பட்டதில்லை.

விருந்தாளிகள் ஒரு தட்டில் பழமும் பூவும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். என் மனைவி பட்டுப்புடவையில் காபி கொண்டுவந்தாள். அந்த அம்மாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “முதல்ல அண்ணனுக்குக் குடும்மா” என்றார். இவள் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“எடுத்துக்கோண்ணா.”

எழுந்துவிட்டேன். “நான் இவளுக்கு அண்ணன் இல்லீங்க. புருஷன்.”

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். “சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்டித்தான் சார். எப்பப் பாரு தமாஷு!” விருந்தாளிகளும் சிரித்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்துவிட்டேன்.

அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவள். பட்டுப்புடவை முழங்கால்வரை ஏறியிருந்தது. காலில் செருப்பில்லை.

“இவ்ளோ வேகமா நடந்தா எப்டிங்க?”

“உங்கப்பா?”

“நீங்க சொன்னது நெஜம்னு சொல்லிட்டேன். அந்தம்மா பழத்தட்டைத் தூக்கிக்கினு போய்ட்டாங்க.” மூச்சு விட்டாள். “அப்பா என்னை ‘இனிமே ஊட்டுப் பக்கம் வராத’ன்னுட்டார்.”

“உங்கப்பா வேலை?”

“தெரியல” என்று அழ ஆரம்பித்தாள். தேற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த ‘அண்ணா’ இன்னும் காதில் நாறிக்கொண்டிருந்தது. பஸ் வந்தது. ஏறினோம். மாமனார் அந்தப் பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு தப்பித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பூந்தமல்லியில் என்னோடு லாரியில் கிளீனராக இருந்தவன் ஒருவன் குடித்தனம் இருந்தான். கதவைத் திறந்தவன் அவளுடைய பட்டுப்புடவையையும் வெறுங்காலையும் பார்த்தான்.

“இன்னா மச்சான், பொண்ணைத் தூக்கிக்கினு வந்துட்டியா?”

“என் பொண்டாட்டிடா.”

“அப்ப எதுக்குடா ஓடி வரீங்க?”

அவன் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு மாற்றுப் புடவை கொடுத்தாள்.

மறுநாள் காலை அவன் என்னை வானகரத்துக்கு அழைத்துப்போனான். கிணற்றுக்கு சிமென்ட் உறை வார்க்கும் பட்டறை. புதுப்புது மனைகளில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த காலம், ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி யார் மகன், யார் மருமகன் என்று கேட்கவில்லை; என் கையைத் திருப்பிக் காய்ப்பைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கொடுத்தார். மதியத்துக்குள் நான்கு உறைக்குக் கலவை போட்டேன்.