மண்ணெண்ணெய் படக் கூடாத ஏடு

முத்துச்செல்வி யாரையும் எதிர்த்துப் பேசி வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சில வருஷம் உப்பளத்து வெயிலில் கிடந்துவிட்டு, இப்போது தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மைத்துனர் வீட்டுப் பூஜையறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

மில்லர்புரத்தில் கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி, அவள் புருஷனுக்கு அண்ணன். குலசாமி கதை எழுதிய பனையோலை ஏடு அவர் பொறுப்பில் இருந்தது. எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தனியாக நிறம் கிடையாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆயுத பூஜைதோறும் அப்படி மை பூசுவது அந்த வீட்டு வழக்கம். போன வருஷம் கரி திரட்டச் சோம்பல்பட்டு, கடை ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த ஊதா மையை அவர் தேய்த்துவிட்டார். "சாமிக்கு ரேஷன் கார்டு போட்டாச்சா அண்ணாச்சி?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டே மானத்தை வாங்கினார்கள். இப்போது கோயில் கொடைத் திருவிழா வருகிறது. அதில் வில்லுப்பாட்டுக்காரர் இந்த ஏட்டை வாசித்துத்தான் சாமி கதை பாடுவார். அதற்குள் மண்ணெண்ணெயில் துடைத்துப் புதுக்கரி பூசிவிடுவது என்று கேனோடு வந்துவிட்டார்.

"ஏளா, வழிய விடு."

"மண்ணெண்ண வேண்டாம் அத்தான். அடியில பழைய கரி இருக்கும், அதுவும் எண்ணெயோட கழண்டு வந்துரும்னு எங்க கிளாடிஸ் மேடம் சொல்லுதாங்க. மொதல்ல அவங்க பாக்கட்டும்."

"குடுவ கழுவப் போயி நீயும் விஞ்ஞானி ஆயிட்டியோ?"

"ஆகல. ஆனா ஏட்டத் தொட விடமாட்டேன்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சீனித்தாய் குரல் கொடுத்தாள். "ஊதாவ அப்பின கைதான இப்போ கேனத் தூக்குது! ஒரு தடவ அவ சொல்லுததக் கேட்டாத்தான் என்ன?"

செந்தூர்பாண்டி கேனைக் கீழே வைத்தார். ஏட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவரும் முத்துச்செல்வியும் கல்லூரிக்கு டவுன் பஸ் ஏறினார்கள்.

பேராசிரியர் கிளாடிஸ் ஓலைகளை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படம் எடுக்கும் கேமரா அது. அந்த ஒளியில் ஸ்டாம்பு மையின் சாயம் மறைந்துவிடும், கரி மட்டும் கறுப்பாகவே நிற்கும் என்று சொன்னார். சொன்னபடியே திரையில் ஊதா காணாமல் போனது. பழைய எழுத்துகள் கறுகறுவென்று எழுந்து நின்றன. செந்தூர்பாண்டி வாயைப் பிளந்து பார்த்தார்.

கடைசி ஓலையில் கிளாடிஸின் கை நின்றது. ஓரத்தில் வெறும் கண்ணுக்கு ஊதா எழுத்து இருந்தது. திரையில் வெறும் ஓலைதான்.

"இங்க மட்டும் கரியே இல்லையே?"

செந்தூர்பாண்டி தரையைப் பார்த்தார். "நேத்து அந்த ஓரத்த மட்டும் மண்ணெண்ணெயில தொடச்சுப் பாத்தேன். ஊதா போகலியேன்னுதான் இன்னைக்குக் கேனோட வந்தேன்."

 வேறு எங்கும் துடைக்கவில்லை என்பதை முத்துச்செல்வி அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஊதாவை மட்டும் எடுக்க வழி இருக்கிறதா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும், கொடைக்குள் முடியாது என்றார் கிளாடிஸ்.

"அப்போ ஊதாவாவேயா கொண்டு போகணும்? ஊரே சிரிக்கும். வில்லுப்பாட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்லுதது?"

"நம்பரத் தாங்க அத்தான்."

அந்த மனிதரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளே எண்ணை அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை.

"அண்ணாச்சி, மில்லர்புரம் செந்தூர்பாண்டி தம்பி பொண்டாட்டி பேசுதேன். இந்த வருசம் ஏடு ஊதாவாத்தான் வரும். நீங்க அப்படியே வாசிங்க. தொடச்சுத் தாரேன்னு யாரு வந்தாலும் குடுத்துராதீங்க."