ஆற்றுப் பாறையில் ஒரு டப்பா

உச்சி வெயிலில் படகேறி டப்பா தேடப் போகிற குடும்பம் இந்தக் காவேரியில் எங்களைத் தவிர வேறொன்று இருக்க முடியாது. தேடுவது என் வீட்டுக்காரர். கூடவே உட்கார்ந்து வெந்து போவது நான்.

இது ஒரு விளையாட்டாம். முகம் தெரியாத யாரோ ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தைச் செல்போனில் புள்ளியாகப் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால்? உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் புதையல் வேட்டை என்று பெயர். புதையலை எடுத்து வரக்கூடாது என்று சட்டம் வைத்த வேட்டையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைதான் இவர் போனில் இதை ஏற்றிக் கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து எங்கள் மடியில் விட்டுவிட்டு அவர் பெங்களூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

இவரும் இவருடைய அண்ணனும் சேர்ந்து போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டியவர்கள். ஆந்திரா, ஒரிசா என்று போய் ஆயிரம் அடிக்குக் கீழே துளை போட்டவர்கள். பாதி வாழ்க்கை அந்த வண்டியடியில்தான் போனது. போன ஐப்பசியில் அண்ணன் திடீரென்று போய்விட்டார். அன்றிலிருந்து இவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. பந்தல் போட, ஐஸ் பெட்டி சொல்ல, சாப்பாடு சொல்ல என்று எல்லாவற்றுக்கும் இவர்தான் ஓடினார். அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்தும் ஓட்டம் நிற்கவில்லை. ராத்திரி கூடத்தில் நடக்கிற சத்தம் கேட்கும். இந்த மனுசன் ஒருநாள் உட்கார்ந்து அழுது தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துப் போய்விடுவார் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கூடப் போனேன். இல்லாவிட்டால் எனக்கென்ன தலையெழுத்தா?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பாலத்தடியில் தலையை விட்டுத் துழாவினார். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "என்னங்க தொலைச்சீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புச் சுவரோரம் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்து ஒரு காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார். நான் பஸ் ஸ்டாப்பில் யாரோ மாதிரி நின்றுகொண்டேன்.

இன்றைக்குப் புள்ளி ஆற்று நடுவில் இருந்தது. பூலாம்பட்டியில் ஒரு விசைப்படகைப் பேசி ஏறினோம். படகுக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பாதித் தூரம் போனதும் கேட்டார்.

"ஏனுங்க, அந்த டப்பாவுல அப்புடி என்னதானுங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு சீட்டு இருக்கும், பேரெழுதிட்டு வந்தரோணும்."

"அதுக்கா டீசல் ஊத்திப் போறோம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். இவர் போனைக் கையில் ஏந்தி, "லெப்ட்ல உடுங்க, இன்னுங் கொஞ்சம் லெப்ட்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முழுக்க ஆகாயத்தாமரை. அது படகடி விசிறியில் சிக்கிப் படகு இரண்டு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் படகுக்காரர் குனிந்து பிடுங்கிப் போட, இவர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, போதுங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"சித்த சும்மா இரு புள்ள. இதா வந்துருச்சு."

வந்தது ஒரு பாறை. அதன் நெற்றியில் சுண்ணாம்பில் ஒரு சூலம் வரைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் ஏற்கெனவே வந்த பாறை. அன்றைக்கு எதிர்க்கரையிலிருந்து பரிசலில் வந்தோம், ஆற்றில் தண்ணீரும் கூட இருந்தது. அதனால் இந்தப் பக்கமிருந்து அடையாளம் தெரியவில்லை. அண்ணனின் அஸ்தியைக் கரைத்தது இங்கேதான்.

அன்றைக்கும் இவர் கல்லு மாதிரிதான் நின்றார். அண்ணன் மகனுக்குக் கலயத்தை இப்படிப் பிடி, அப்படிச் சாய் என்று ரிக்கில் ஆளுக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பாறை இடுக்கில் ஒரு டப்பாவைப் பார்த்தார். கறுப்பு டேப்பை இறுக்கச் சுற்றியிருந்தது. எடுத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது. எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? யாரோ எலும்பைக் கொண்டு வந்து, கரைக்க மனம் வராமல் பாறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தோம். அநாதையாக விட்டுவிட்டு எப்படி வருவது? மிச்சமிருந்த பாலை ஊற்றி, பூவைப் போட்டு, டப்பா மிதக்காமலிருக்கத் தன் துண்டில் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இவரே அதை ஆற்றோடு விட்டார். "யாரு பெத்த மகராசனோ, போய்ச் சேரு சாமி" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கரைக்கு வரும்வரை தேம்பித் தேம்பி அழுதார். கூடப் பிறந்தவனுக்கு வராத அழுகை ஊர்பேர் தெரியாதவனுக்கு வருகிறதே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சொந்தக்காரர்களும் அதையேதான் பேசினார்கள்.

இப்போது இவர் பாறையில் ஏறிவிட்டார். போனில் டப்பா வைத்தவர் எழுதிய குறிப்பைச் சத்தமாகப் படித்தார். "சூலத்துக்குக் கீழே, இடுக்கில். கறுப்பு டேப் சுற்றியது. உள்ளே சீட்டும் பென்சிலும்..."

அதற்கு மேல் படிக்கவில்லை.

"என்னங்க, கெடச்சுதுங்களா?" என்று படகுக்காரர் கேட்டார்.

"கெடைக்காதுங்க. போன ஐப்பசியிலயே நாங்க பால் ஊத்தி, பூப்போட்டுக் கரைச்சுட்டோம்" என்றேன். விவரத்தைச் சொல்லச் சொல்ல அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் இவரோடு அலைந்த அலைச்சலுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை. பாறையில் மெதுவாக உட்கார்ந்தார். போனைக் கீழே வைத்தார். இடுக்கையே பார்த்தபடி, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப நான் அன்னைக்கி அழுதது ஒரு பென்சிலுக்கா புள்ள?"

வாய்க்கு வந்தது கேலிதான். சிரிப்பு இன்னும் தொண்டையில் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது.

"பென்சிலுக்கு யாராச்சும் அப்புடி அழுவாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். உதடு கோணியது. "அண்ணா" என்றார். அண்ணன் போனதிலிருந்து இந்த வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. இரண்டாவது முறை சொல்லும்போது குரல் பாறையில் மோதித் திரும்பியது. தலையில் அடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதார்.

படகுக்காரர் பதறி எழுந்தார். நான் அவரைக் கையமர்த்தினேன்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிருங்க. நேரமாகும்."